நீங்கள் மாற்றிய எஞ்சின்

புகைப் பரிசோதனையில் இன்றைக்கும் நமது கார் தோற்றுப்போனது. "அக்கா, இந்தக் கறுப்புப் புகைக்கு நான் பாஸ் போட ஏலா" என்று கையை விரித்துவிட்டார் அங்கிருந்தவர். சான்று இல்லாமல் காரின் வருட லைசன் புதுப்பிக்க முடியாது. லைசன் இல்லாவிட்டால், முதல் பஸ்ஸுக்கு முன்னமே பாசிக்குடா ஹோட்டல் குசினியில் அடுப்பு மூட்ட நான் எப்படிப் போவேன்? சாரி முழுக்கப் பெற்றோல் மணம். காருக்குள் தனியே இருந்தபடி உங்களை வாய்விட்டுத் திட்டினேன். வெளியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நல்லாய் ஓடிய கார். ஓட்டமாவடிப் பாலத்தில் ஒருநாள் நின்றுவிட்டது, அவ்வளவுதான். சென்சர் ஒன்று பழுது, கொழும்பிலிருந்து எடுக்கவேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் கராச்காரர். உங்களுக்குப் பொறுமை ஏது? "கையால தொட்டுப் பார்க்க ஏலாத பழுதை நம்பிக்கொண்டு நான் இருக்க மாட்டன் புள்ள" என்று சொல்லி, எங்கோ கிடந்த, சென்சர் எதுவும் இல்லாத பழைய காபரேட்டர் எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினீர்கள். புளியமரக் கொப்பில் சங்கிலி கட்டி, காரோடு வந்த இன்ஜெக்ஷன் எஞ்சினைத் தூக்கி வெளியே போட்டீர்கள்.

காரில் முன்பிருந்த பம்ப் பெற்றோலை வேகமாய்த் தள்ள, காபரேட்டர் நிரம்பி வழிந்தது. அந்தப் பம்பையும் மாற்றினீர்கள். நான் உள்ளே இருந்து மிதிக்க, நீங்கள் காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் திருகினீர்கள். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. ஆனால் முன்பலகையில் பழுதைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையவேயில்லை. இல்லாத எஞ்சினைக் காரின் கம்பியூட்டர் தேடுகிறது என்று சிரித்தீர்கள். பலகையைக் கழற்றி அந்த பல்பைப் பிடுங்கிப் பொக்கற்றுக்குள் போட்டீர்கள். "இப்ப ஒரு பழுதும் இல்ல."

அதே புத்திதான் உங்கள் நெஞ்சு நோவிலும். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு அமிர்தகழிக்குப் போன அன்று, கேணிக்கரையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தினீர்கள். வாய்வு என்றீர்கள். வீட்டுக்கு வந்து உள்ளிப்பூண்டு சுட்டுத் தரச் சொன்னீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுப்போம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "கடதாசியில கோடு கீறி அவங்க என்னத்தைக் காணப்போறாங்க?" கடைசியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது, "நிறைய நாளா நொந்திருக்குமே அம்மா, உங்களுக்குத் தெரியாதா?" என்று டாக்டர் கேட்டார். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரே பாயில் படுத்தவளிடம் மறைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நான் என்ன, பிடுங்கி எறிகிற பல்பா?

வீட்டுக் குசினிக்குப் பின்னால் தறப்பாளால் மூடிக் கிடக்கும் உங்கள் 'உதவாத' எஞ்சினைக் கராச்காரர் வந்து பார்த்தார். சென்சரை மாற்றினால் ஓடுமாம். இப்போதும் அவ்வளவுதானாம்! "அண்ணன்ட கையால செய்த வேலை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிக்க ஒன்றுமில்லை, நாளைக்கே அதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டுங்கள் என்றேன். எனக்கு வேலைக்குப் போகவேண்டும்.

உங்கள் செத்தவீட்டில் நான் அழவில்லை என்று ஊர் கதைத்தது. கோபத்தில் இருந்தேன். இன்னும் இருக்கிறேன். தினமும் விடிய அந்தச் சனியனை இழுத்து மிதித்து எடுக்கும்போதெல்லாம், பாசிக்குடா போய்ச்சேரும் மட்டும் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே போவேன். இனிக் கார் ஒழுங்காய் ஓடும். அந்த வழி நெடுக உங்களோடு பேச எனக்கு வேறென்ன கதை இருக்கிறது?