பானைக்குள் இல்லாத பெயர்

என் காதர் மச்சான்,

செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு அடங்கவில்லை. பல்லடத்தில், நம் வியாபாரிகள் சங்க வளாகத்தில், அத்தனை வருடம் தறி உதிரிபாகம் விற்றாயே, கடைப் பத்திரத்தில் உன் சம்சாரம் மெஹருன்னிசா பேரையும் சேர்த்துவிடு என்று எத்தனை தடவை சொன்னேன்? "பாத்துக்கலாம் உடு மச்சான்" என்றாய். நீ போன மறுமாதமே சங்கம் கடையை எடுத்துக்கொண்டது. அதையும் காலியாகக் கிடந்த பக்கத்துக் கடையையும் குலுக்கலில் விட்டார்கள். கேட்டவர்கள் பத்துப் பேர். அதில் மெஹருன்னிசா தங்கச்சியும் ஒருத்தி.

பில் புத்தகத்தின் பின்பக்கம் நீ கட்டம் போடுவாயே, அதே மாதிரி போட்டுப் பத்துப் பேரையும் பிரித்தேன். சங்கத் தலைவரின் சொந்தக்காரர்களில் பழைய உறுப்பினர் ஒருவர், புதியவர் இருவர். மற்றவர்களில் பழையவர் ஐவர், புதியவர் இருவர். தங்கச்சி அந்தக் கடைசிக் கட்டத்தில். எடுத்த சீட்டு திரும்பப் பானைக்குள் போகாது.

இரண்டு சீட்டு எடுத்தார்கள். இரண்டும் தலைவரின் அந்தப் புதிய சொந்தக்காரர்களுக்கே! முதலில் பத்தில் இரண்டு, அடுத்து ஒன்பதில் ஒன்று. பெருக்கிப் பார், நாற்பத்தைந்தில் ஒன்று.

"அதிர்ஷ்டமுங்க பழனிச்சாமி" என்று சிரித்தார் தலைவர். உன் கடையில் எஸ்டிடி பூத் வைக்கப் போகிறார்களாம்.

"நாப்பத்தஞ்சுல ஒண்ணும் நடக்குமுங்க. இல்லைன்னு சொல்லலை. மிச்சம் எட்டையும் கொட்டுங்க, பாத்துப்போட்டுப் போறேன்."

"ஏனுங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"பானை மேல இல்லீங்க."

நானே கவிழ்த்தேன். மீதியில் பூச்சியமாக இருக்க வேண்டிய கட்டத்தில் இரண்டு சீட்டு: ஜெயித்த இருவரின் பெயரும் மறுபடி! இரண்டு இருக்க வேண்டிய தங்கச்சியின் கட்டத்தில் பூச்சியம். தங்கச்சி எட்டுச் சீட்டையும் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தாள். "அண்ணா, எம்பேரே இதுக்குள்ள இல்லீங்களா?" என்றாள். அது உனக்குக் கேட்டதா?

அந்த ஆளைத் தலைவராக்கக் கடை கடையாக ஏறி ஓட்டுக் கேட்டது யார்? நீயும் நானும்தானே. இந்தக் கோபத்தை நான் எங்கே கொண்டு போய்க் கொட்ட?

வெள்ளிக்கிழமை மறுகுலுக்கல். கூட்டமே எழுந்து கத்தியதால் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார். சீட்டு எழுதுவது நான். ஒவ்வொன்றையும் எல்லோருக்கும் காட்டித்தான் உள்ளே போடுவேன். அவள் பேர் வரும் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். பத்தில் இரண்டு, அவ்வளவுதான். ஆனால் அவள் பேர் பானைக்குள் இருக்கும், மச்சான். அதற்கு நான் பொறுப்பு.

உன் மெஹருன்னிசாவுக்கு அண்ணனாகிவிட்ட
பழனிச்சாமி