முப்பத்தொன்றாம் டோக்கன்

செல்லத்துக்கு,

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, டோக்கன் நம்பர்தான். இன்று கவுண்டரிலிருந்து முப்பத்தொன்று என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தது நீ.

“மூணாம் ரூமுக்குப் போங்க” என்றேன், பெற்ற மகளைப் பார்த்து. நீயும் “சரிங்க மேடம்” என்றாய்.

அது எந்த டாக்டரின் அறை என்று இங்கேகூட எழுத மாட்டேன். உன் ஃபைலையும் திறக்கவில்லை.

வீட்டில், “ஆபீஸ்ல ஒரே வேலைம்மா” என்கிறாய். நான் “அப்படியா” என்கிறேன். அங்கே நான் இருப்பேன் என்று தெரிந்துதானே வந்தாய்? எனக்குத் தெரியட்டும் என்றா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

நீ மறுபடி வரவேண்டிய வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டதும் நான்தான். அன்று கவுண்டரில் இருக்கவா, லீவு போட்டு உன் பக்கத்தில் உட்காரவா? அதை மட்டும் சொல்லடி.

இப்படிக்கு,
கவுண்டர் மேடம், உன் அம்மாவும்தான்