ஓடாமல் நின்ற நான்கு விநாடி

நஜ்மா, தோஹா
சனிக்கிழமை காலை

என் சம்யுக்தாவுக்கு,

வென்றுவிட்டோம்! சுகம் விசாரித்துவிட்டுத்தான் செய்திக்கு வர வேண்டும், கை கேட்கவில்லை. நேற்றுப் பின்னேரம் நம் கொடிக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் மஸ்கட் பெண்களை இருபத்துநான்குக்குப் பத்தொன்பது என்று வென்றோம். கத்திக் கத்தி என் தொண்டை அடைத்துவிட்டது. குரல் செய்தி அனுப்பினாலும் நீ கேட்பதில்லை. அதனால் எழுதுகிறேன். நம் அணி நஸீஹா லீவில் கண்டிக்குப் போகிறாள், ஹட்டன் வரை வந்து உன் கையிலேயே தருவாள்.

முழங்கால் எப்படி? கம்பு இல்லாமல் நடக்கிறாய் என்று உன் அம்மா அவளிடம் சொன்னாராம். படி இறங்க முடிகிறதா?

நம் அறையில் உன் கட்டிலுக்கு சந்தியா என்று ஒரு சிவகங்கைக்காரி வந்திருக்கிறாள். திங்கட்கிழமை டியூட்டி முடிந்து, நாம் பார்ப்பதுபோலவே அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை லேப்டாப்பில் போட்டேன். "அக்கா, அந்த ஆளு ஏன் பந்த வச்சிக்கிட்டு சும்மா நிக்கிறாரு?" என்றாள். அவர்தான் குவார்ட்டர்பேக், ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவரிடம்தான் வரும், சொந்த ஆட்கள் வேலிபோலக் காக்க, உள்ளே நின்று யாருக்கு எறியலாம் என்று பார்க்கிறார் என்றேன். பிறகு எதிரணியின் குவார்ட்டர்பேக் வேலியைப் பிய்த்துக்கொண்டு தானே பந்தோடு ஓடினார். "இவருதான் சூப்பர்!" என்று சந்தியா கைதட்டினாள். என் கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்தது!

இதற்காக நாம் எத்தனை நாள் சண்டை பிடித்திருப்போம்! ஓடக்கூடியவரைக் காவல் காக்கவே எதிரணி ஒரு ஆளை ஒதுக்க வேண்டும், அந்த இடம் திறக்கும் என்பேன் நான். "ஓடுறவனுக்கு அடி விழும்டி. நின்னு பாக்கத் தெரிஞ்சவன் நாப்பது வயசுலயும் ஆடுவான்" என்பாய் நீ. இப்போதெல்லாம் இரண்டும் தெரிந்தவரைத்தான் அணிகள் தேடுகின்றன என்று சொன்னால் இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டோம்.

நேற்றைய ஆட்டத்தைக் கேள். குவார்ட்டர்பேக்காக உன் இடத்தில் நின்ற நான் முதல் பாதியில் இரண்டு முறை நானே ஓடிப் புள்ளி எடுத்தேன். பிறகு மஸ்கட்காரிகள் விழித்துக்கொண்டார்கள். என்னைப் பார்த்தபடியே நிற்க ஒருத்தியை விட்டார்கள். மூன்று முறை ஓடினேன், மூன்று முறையும் என் இடுப்புப் பட்டையைப் பிடுங்கி ஓட்டத்தை நிறுத்திவிட்டாள். கடைசியில் நாங்கள் பதினெட்டு, அவர்கள் பத்தொன்பது. எல்லைக்கு இன்னும் பன்னிரண்டு யார்ட் தூரம். ஒரே ஒரு முயற்சி மிச்சம். பயிற்சியாளர் ஜைத் கோட்டுக்கு வெளியிலிருந்து "யல்லா, ரன்! ரன்!" என்று துள்ளுகிறார்.

நான் ஓடவில்லையடி. நின்றேன்!

நீ சொல்வதுபோல, எறிவதற்கு நம் முதல் ஆளைப் பார்த்தேன். இரண்டு பேர் அவளைச் சூழ்ந்திருந்தார்கள். இரண்டாவது ஆள் வழுக்கிவிட்டாள். என்னைப் பிடிக்க ஒருத்தி பாய்ந்து வருகிறாள், கால் ஓடு ஓடு என்கிறது. மூன்றாவதாக நஸீஹா மூலையில் கையைத் தூக்கினாள். எறிந்தேன். எல்லைக்குள் பிடித்தாள், ஆறு புள்ளி! அவள் மேல் நாங்கள் எல்லோரும் விழுந்து, அவளுடைய கண்ணாடி உடைந்து, அதற்கும் சிரித்தோம்.

ஆனால் சம்யு, அந்த நான்கு விநாடி நிற்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது. அந்தப் பயிற்சி நாளில் "ஓடடி, ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்?" என்று எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்துக் கத்தியவள் நான். நீ ஓடினாய். திரும்பும்போது உன் முழங்காலில் கேட்ட அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமெல்லாம் புல் வழுக்கிவிட்டது என்று சொன்னாய். நான் பக்கத்தில் பேசாமல் நின்றேன். நேற்றுக் கோப்பையோடு படம் எடுக்கும்போது அதை ஜைத்திடமும் அணியிடமும் சொல்லிவிட்டேன். நஸீஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஓட வேண்டாம் என்றுதானே சொன்னார்? எறிய வேண்டாம் என்று சொல்லவில்லையே. அடுத்த சீசனில் நீ வந்தால் பந்து உன் கைக்கு, நான் வெளியே ஓடிப் பிடிக்கிறேன் என்று ஜைத்திடம் கேட்டேன். "கலாஸ், முடிந்தது, அவளை வரச் சொல்" என்றார். உன் மேனேஜரும் மார்ச் வரை உன் வேலைக்கு வேறு ஆள் எடுக்க மாட்டாராம், நானே போய்க் கேட்டேன்.

வருவதும் வராததும் உன் விருப்பம். உன் கால் முழுதாகத் தேற நல்லூர் முருகனைக் கும்பிடுகிறேன். ஏசுவதென்றால் பக்கம் பக்கமாக ஏசி எழுது, எல்லாவற்றையும் வாசிப்பேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
தர்மிகா