கையெழுத்து விழாத பட்டியல்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிப்படி ஏறாதே. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். கையில் மீன் வாடை மட்டும் போவதில்லை.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. இங்கே மீன் தொழிற்சாலையில் ஸ்லோவாக்கியர்களான எங்களிடம் ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்து, "புரிந்தது" என்று கையெழுத்துக் கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நம் மொழியில் ஒரே ஓர் அர்த்தம்தான் போட்டிருந்தது. டிரில் என்றால் 'வர்தாச்கா', துளை போடும் இயந்திரம். தீ விபத்து ஒத்திகைக்கும் இங்கே அதே சொல்தான். அது பட்டியலில் இல்லை. நாளை எவனாவது கருகினால் அவன் கையெழுத்தைக் காட்டிக் கைகழுவிவிடுவார்கள். போட மாட்டேன் என்றேன்.

"மீன் வெட்டுறவளுக்கு ஒரு அர்த்தம் பத்தாதா?" என்றார் மேற்பார்வையாளர் பார்க்கர்.

"கத்தி ஒண்ணு போதும் சார். அர்த்தம் எல்லாமே வேணும்."

நாளுக்கொரு பெயர் போட்ட நம் ஊர் நாட்காட்டியில் வியாழனன்று என் பெயர் வந்தது. பெயர்நாள்காரிதானே உபசரிக்க வேண்டும்? தேன் கேக் கொண்டுபோனேன். வாழ்த்த வந்தவர்களிடம் கேக்கோடு பட்டியலையும் நீட்டினேன்.

"கேக்கைத் தின்னுட்டு சும்மா போக முடியுமாடி?" என்று என்னோடு மீன் வெட்டும் ருடோதான் முதலில், விடுபட்ட ஓர் அர்த்தத்தை ஓரத்தில் எழுதினான். இருபத்தாறு பேர் எழுதினார்கள். ஒருவரும் கையெழுத்திடவில்லை. பட்டியல் பார்க்கர் மேசையில் இருக்கிறது. அவர் முதலில் படிக்கட்டும். என்னை வேலையைவிட்டுத் தூக்குவதைப் பிறகு பார்ப்போம்.

என் பள்ளிக்கூட அகராதியை அனுப்பு. கூடவே என் வீட்டுச் செருப்பையும். நம் ஊரில் தருவதுபோல் இங்கிலாந்தில் வீட்டுக்கு வருபவர்களுக்கு உள்ளே போட்டுக்கொள்ள யாரும் செருப்பு எடுத்துத் தருவதில்லை.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. இந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஜோஃபியா