அமாவாசைக்கு ஒரு தறிச் சத்தம்

அக்கா,

இன்று காலை பள்ளியில் அமைதி அறையின் கதவைத் திறந்ததும் புது ஸ்பாஞ்சு வாடை முகத்தில் அடித்தது. பிள்ளைகள் தலையை மோதிக்கொண்டாலும் அடிபடாமல் இருக்க அந்த அறையின் சுவர் முழுக்க மெத்தை ஒட்டியிருப்பார்கள். லீவில் பழையதைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். நன்றாக இருக்கிறதா என்று என்னோடு வேலை செய்கிறவள் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போன அன்று நான் நின்றுகொண்டிருந்தது அந்த அறையில்தான்.

இங்கிலாந்துக்கு வந்து இது இரண்டாவது குளிர்காலம். நீங்கள் போனில் கேட்பீர்களே, ஆமாம், பகல் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. சோறு நானே வடித்துக்கொள்கிறேன். இங்கே ஒரு வகுப்புக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களைப் பார்க்க நாங்கள் நாலு பேர். காஞ்சிபுரத்தில் நான் ஒருத்தியாக ஸ்கூட்டியில் வீடு வீடாகச் சுற்றினேன். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வகுப்பு. வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள், கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்த்தான் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டேன். அப்போது உங்கள் வீட்டுக்கு நான் வரும் நாள் புதன்கிழமை.

முதல் புதனன்று நீங்களும் உங்கள் வீட்டுக்கார அண்ணனும் தறியில் இருந்தீர்கள். உங்கள் மகள் புவனாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும், பேச்சு கிடையாது. தறிக்குப் பக்கத்தில் தரையோடு காதை வைத்துப் படுத்திருந்தாள். நான் கொண்டுபோன படம், மணி, பந்து எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நீங்கள் கையை நிறுத்தாமலே சொன்னீர்கள்:

"அது சாது டீச்சர். அமாவாசை வந்தாதான் அதுக்குப் புடிச்சிக்கும்."

அமாவாசையன்று அவள் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். அன்றைக்கு அவள் கையை உங்கள் பழைய புடவையால் தூணோடு கட்டிப்போடுவீர்கள். தெருவில் அவளுக்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள், அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எலுமிச்சம்பழம், தாயத்து, விபூதி எல்லாம் பார்த்தாயிற்று. எனக்குச் சுருக்கென்று கோபம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். நிலாவுக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று சத்தம் போட்டேன். நீங்கள் அவள் மணிக்கட்டில் இருந்த கட்டுத் தழும்பைத் தடவிக்கொடுத்துவிட்டு, "அப்ப வேற என்னான்னு நீங்களே சொல்லுங்க" என்றீர்கள்.

பதில் சாவு ரூபத்தில் வந்தது. ஒரு புதன்கிழமை நான் வரும்போது தெருக்கோடி வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்திருந்தார். பிணம் எடுக்கும் வரை தெருவில் யாரும் தறியில் உட்காரவில்லை. உங்கள் வீட்டுக்குள் புவனா சுவரில் மோதிக்கொண்டிருந்தாள், நெற்றியில் ரத்தம். நீங்கள் அவளை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு அமாவாசை இல்லையே அக்கா" என்றேன். நீங்கள் காலியாக இருந்த தறியைப் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அமாவாசைக்கு நெசவாளிகள் தறியைத் தொடுவதில்லை. பிறந்ததிலிருந்து அவள் கேட்ட சத்தம் அன்று ஒருநாள்தான் தெருவோடு நின்றுபோகும். நீங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதீர்கள். கட்டிப்போட்ட அத்தனை நாளும் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்கும்.

அமாவாசைக்கு நெய்ய அண்ணன் ஒப்பவில்லை, நீங்களும் வற்புறுத்தவில்லை. அதனால் ஒரு காலை வேளை முழுவதும் நீங்கள் நெய்ததை என் போனில் பதிவு செய்தேன். கடைசியில் போனை நிறுத்துவதற்குள் நீங்கள் வழக்கம்போலக் கூப்பிட்டுவிட்டீர்கள்: "புவனா, எழுந்துக்கமா. சோறு துன்னலாம் வா." அதுவும் பதிவாகிவிட்டது. அது இருந்ததே நல்லதாகப் போயிற்று. உங்கள் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன், அமாவாசையன்று அதைப் போட்டுவிட்டால் அவள் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். உங்கள் குரல் வந்ததும் எழுந்து அடுக்களைக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறப்பாள். அதற்கப்புறம் அந்தப் புடவை தூணுக்குப் போகவில்லை.

வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில், ஒரு குழந்தை தன்னையே அடித்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். புவனாவைச் சொன்னேன், வேலை கிடைத்தது. அதை உங்களிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "எங்க வூட்டுத் தறிச் சத்தத்துக்கு ஏரோப்ளேன் டிக்கெட்டா" என்றீர்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவள யாரு டீச்சர் பாப்பாங்க?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா" என்றேன். எல்லாத் தாய்மார்களும் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள், எல்லாருக்கும் நான் அதே பதிலைத்தான் சொல்லி வந்தேன். நீங்கள் மட்டும் அதை நம்பாமல் தலையை ஆட்டிக்கொண்டீர்கள். "போய்ட்டு வாங்கமா. போன் எடுங்க, அது போதும்."

போன் எடுத்தேன் அக்கா. உங்கள் நாத்தனார் செவிலிமேட்டிலிருந்து வந்து உங்கள் வீட்டில் நின்று கூப்பிட்டார். இங்கே வகுப்பு தொடங்கியிருந்தது, அமைதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். அவர் சொல்லி முடிக்கும் முன்பே பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. சுவரில் தலை மோதும் சத்தம். தெரு மொத்தமும் உங்களுக்காகத் தறியை நிறுத்தியிருந்தது.

"நாலு பேரு புடிச்சும் அடங்கல டீச்சர். கட்டிப்போட சொல்றாங்க."

கட்டாதீர்கள் என்று கத்தினேன். உங்கள் போன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, பதிவை அண்ணனுடைய போனுக்கு அனுப்பினேன், உடனே போடச் சொன்னேன். யாரோ ஒரு பெரியவர் குரல் குறுக்கே வந்தது. "சாவு வூட்ல தறிச் சத்தமா? தெருவுல என்னா சொல்லுவாங்க?" கொஞ்ச நேரம் அழுகையும் மோதலும் மட்டும் கேட்டன. அப்புறம் அண்ணன் பேசினார். "போடு. அவ பாத்துக்கினு போவட்டும், இவ அடிச்சிக்காம இருக்கறத."

தறி கேட்டது. மோதல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தறிக்குப் பக்கத்தில் எப்போதும் போலப் படுத்துக்கொண்டாளாம். அவள் கேட்டுக்கொண்டே இருக்கும்போது உங்களைக் குளிப்பாட்டிப் புடவை கட்டினார்கள். வாய்க்கரிசி போட அவளைத் தூக்கிப் பார்த்தார்கள், எழுந்திருக்கவில்லை. விட்டுவிட்டார்கள். நீங்கள் பக்கத்தில் நெய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அவளுக்கு நினைப்பு. பாடை வாசலைத் தாண்டியபோதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பதிவின் கடைசி எனக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை. பாடை தெருமுனை திரும்பியதும் வீட்டுக்குள்ளிருந்து உங்கள் குரல் கேட்டது: "புவனா, எழுந்துக்கமா. சோறு துன்னலாம் வா." வீடு கழுவிக்கொண்டிருந்தவர்கள் குடத்தைக் கீழே போட்டுவிட்டார்களாம். புவனா எழுந்தாள். அடுக்களைக்குப் போய் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். நாத்தனார் பக்கத்து வீட்டுச் சோற்றை வாங்கிப் பிசைந்து நீட்டினார். அவர் கையைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் வாயைத் திறந்தாள். பள்ளி விடும் நேரத்தில் நாத்தனார் மறுபடி கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னபோது நான் அந்த மெத்தைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது புவனா செவிலிமேட்டில், நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். அங்கே எல்லாம் புது வீடுகள், தறி கிடையாது. அவளுக்குத் தினமும் அமாவாசைதான். தினமும் பதிவைப் போடுகிறார்கள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் கடைசியில் நீங்கள் கூப்பிட்டீர்கள், அவள் எழுந்து அறை அறையாகத் தேடினாள். தேடிக் கிடைக்காமல் மோதிக்கொண்டாள். "சத்தம் நல்லாத்தான் கீது டீச்சர், அந்தக் கடைசிதான்..." என்று நாத்தனார் அழுதார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் குரலை வெட்டிவிட்டு வெறும் தறியை மட்டும் திரும்ப அனுப்பினேன். பழையதை அவர்கள் போன்களிலிருந்து அழிக்கவும் சொன்னேன்.

இப்போது அவள் மோதிக்கொள்வதில்லை. நாத்தனார் கையால் கொஞ்சம் சாப்பிடுகிறாள். நல்ல மனுஷி அவர், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். அண்ணன் ஞாயிறு தவறாமல் போய்வருகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கும்போது கேட்டார்.

"அது உங்ககிட்ட இருக்குதாம்மா? அவ கூப்புடறது."

"இருக்குது அண்ணா. அனுப்பட்டுமா?"

"வாணாம். நான் கேட்டா புவனாவும் கேட்டுடும். நீங்களே வச்சிக்கினு இருங்க."

வைத்திருக்கிறேன். இங்கே பேசாத பிள்ளைகளுக்கு முதலில் அம்மாவின் குரலைத்தான் பழக்குகிறோம், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். உங்கள் மகளைப் பெயர் சொல்லிச் சோற்றுக்குக் கூப்பிட்ட குரலை அவளிடமிருந்து நான்தான் வெட்டி எடுத்தேன் அக்கா. அது என் போனில் இருக்கிறது. இன்னும் ஒருமுறைகூட நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை.