வாயாடி சொன்னது

ஜூன் 9

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

போனில் பேசினால் நீங்களும் அழுகிறீர்கள், நானும் அழுகிறேன், யார் முதலில் வைத்தது என்றே தெரியாமல் வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். டைல்ஸ் ஒட்டுகிறவர் கண்ணுக்கு உறுத்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. "பிள்ளை செத்து அஞ்சு மாசம்தான் ஆகுது, உனக்கு எப்படி மனசு வந்தது?" என்று உங்கள் அக்காவே கேட்டுவிட்டார். மனசு வரவில்லை, கால்தான் போனது. நாலு வருஷம் ஓயாமல் பேசின வாய் அடங்கிவிட்டது. நீங்களும் மார்ச் மாசமே வெளியூர் வேலை என்று கிளம்பிவிட்டீர்கள். குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறேன்.

இங்கே இருபது பிள்ளைகள். எழுத்துத் தெரியாததால் பை மாட்டுகிற கொக்கிக்கு மேலே ஆளுக்கொரு படம் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கும் பெயர் மனதில் நிற்கவில்லை, படத்தை வைத்தே கூப்பிடுகிறேன். மீன், குடை, மணி, பூசணி. இன்றைக்கு மீனுக்குக் கை கழுவிவிட்டேன். "தண்ணி நம்ம கையைக் கழுவுது. தண்ணியை யாரு கழுவி விடுவா?" என்று கேட்டது. நீங்கள் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூன் 20

அன்புள்ள உனக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு மாடிக் கட்டடம், மூன்று மாடி முடிந்திருக்கிறது. மண்டிபோட்டே வேலை செய்வதால் முட்டி வீங்கியிருக்கிறது. தைலம் தடவுகிறேன்.

நீ வேலைக்குப் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. உனக்கு ஆறுதல் என்றால் போ. ஆனால் பிள்ளைகள் பேசியதை எனக்கு எழுதாதே. படித்த அன்றைக்கு இரண்டு டைல்ஸை உடைத்தேன். நம் வாயாடியின் பேச்சையும் எடுக்காதே. எடுத்தால் அந்த வீட்டுக்குள் என்னால் திரும்ப நுழைய முடியாது. வேறு எதை வேண்டுமானாலும் எழுது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 28

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வேறு எதை எழுதுவது? சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எழுதிவிட்டேன். பால்காரர் மாறிவிட்டார். அதையும் எழுதிவிட்டேன். இனிமேல் என் இஷ்டம்.

கோபப்படாதீர்கள். உங்களை விட்டால் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பூசணி நேற்று பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு மரக்கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, "செல்லம், அம்மா மீட்டிங்ல இருக்கேன். நீயே அழுது நீயே நிறுத்திக்கோ" என்றாள். சாயங்காலம் அவள் அம்மா கூப்பிட வந்தபோது டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்ததைப் படிக்கும் முன்னால் கையில் டைல்ஸ் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குடை வந்து எதிரே நின்றாள்.

"வெங்காயமா?"

"இல்லைடி."

"அப்ப யாரு?"

வெங்காயம் இல்லையென்றால் ஏதோ ஒரு ஆள்தான் காரணம் என்று அந்தப் பொடிசுக்குத் தெரிந்திருக்கிறது. "என் பொண்ணு" என்றேன். எங்கே என்று கேட்டாள். "செத்துப்போயிட்டா" என்றேன். டீச்சர் காதில் விழுந்தால் திட்டுவார், ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. குடை ஒரு துண்டை எடுத்துத் தானும் மடிக்க ஆரம்பித்தாள்.

"இத்தனை நாள் அவளைப் பத்தி சொல்லவே இல்லையே. அவளோட காயா?"

"அதெல்லாம் இல்லை."

"காய் விட்டாத்தான் பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

பின்னாலேயே போய் அவளை இழுத்து வந்து உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் இருந்த பல்லிக்கு நம் பிள்ளை வாட்ச்மேன் என்று பெயர் வைத்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது, "என் உடம்பு அடுப்பை அணைக்க மறந்துடுச்சும்மா" என்றது. சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது. வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது, இனிமேல் அவள் புதிதாக ஒன்றும் பேசப்போவதில்லை.

நீங்கள் அவளோடு காய் விட்டிருக்கிறீர்களா? அதற்கு மட்டும் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 25

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. முட்டி எப்படி இருக்கிறது என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா?

குடை உங்களை விசாரித்தாள். "உங்க வீட்டு அங்கிள் கோவமா?" என்றாள். "கோவம் இல்லடி, தூரமா இருக்கார்" என்றேன். "எங்கப்பாவும் கோவம் வந்தா தூரமாப் போய்த்தான் உக்காருவார்" என்கிறாள்.

உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 4

அன்புள்ள உனக்கு,

காய் விடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதங்களைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். என்னோடு தங்கியிருக்கிற பெயிண்டர் தீப்பெட்டி தேடுகிற சாக்கில் எடுத்துப் படித்துவிட்டான். சட்டையைப் பிடிக்கப் போனேன். அவன், "அண்ணே, அடிக்கிறதுன்னா அப்புறமா அடிங்க. அந்தக் குடை அடுத்து என்ன சொன்னா?" என்றான். இப்போது மேஸ்திரி வரைக்கும் குடையை விசாரிக்கிறார்கள். மீன் கேட்ட கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லி டீ ஆறிப்போனது.

அந்தப் பேச்சில் நானும் வாயைத் திறந்துவிட்டேன். இது உனக்குக்கூடத் தெரியாது. சொன்னால் தீர்ந்துபோகும் என்று எனக்குள்ளேயே வைத்திருந்தேன். போன வருஷம் ஒரு நாள் வாயாடியை வண்டியில் முன்னால் உட்கார வைத்துப் போனேன். சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"அப்பா, நான் பொறக்குறதுக்கு முன்னாடி நீங்க யாருக்கு அப்பா?"

"யாருக்கும் இல்லைம்மா."

"பாவம். அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"உன்னைத்தான் தேடிட்டு இருந்தேன்."

ஒரு அதட்டல் போட்டாள் பார். "நான் அம்மா வயித்துலதானே இருந்தேன்! அம்மாகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

பக்கத்து வண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பச்சை விழுந்ததை நான் கவனிக்கவே இல்லை.

இவர்களிடம் சொல்லி முடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தீர்ந்துபோகவில்லை.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 10

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

துவைத்த துணியெல்லாம் வாளியிலேயே கிடக்கிறது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏழு மாசம் கழித்து நம் பிள்ளை புதிதாக ஒன்று பேசியிருக்கிறாள். குரலோடு காதில் விழுந்தது. அந்த அதட்டல் அப்படியே உங்கள் அக்காவுடையது.

இவ்வளவு நாள் ஒளித்து வைத்ததற்கு உங்களைத் திட்டினேன், வாய்விட்டு. பக்கத்து வீட்டுக்காரி நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

பிள்ளை கேட்டதில் என்ன தப்பு? என்னிடம் கேட்க வேண்டியதுதானே? நீங்கள் வேலைக்குப் போயிருந்த பகலில் என்னிடம் மட்டும் அவள் சொன்னது எத்தனையோ இருக்கிறது. விரல் விட்டு எண்ணினேன், பதினொன்று வந்தது. அதில் மூன்று உங்களைப் பற்றி. ஒன்று உங்கள் குறட்டையைப் பற்றி, அது பெயிண்டர் காதில் விழுந்தால் உங்கள் மானம் போய்விடும்.

ஒன்றைக்கூட எழுத மாட்டேன். வீட்டில், என் வாயால்தான் சொல்வேன். அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றுதான். இரண்டே நாள் லீவில் வந்துவிட்டு ஓடுகிற ஆளுக்குக் கட்டாது, சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி