உபாவின் காய்ச்சல்

பிப்ரவரி 3, திங்கள்

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க மூன்றாவது தடவை போய், மூன்றாவது தடவையும் வெறுங்கையோடு வந்தேன். வாடகை ஒப்பந்தத்தில் வட்டார அலுவலக முத்திரை இல்லையாம். போன வாரம் இதே ஆள் இதே தாளைப் பார்த்துவிட்டு, போட்டோவின் பின்னணி வெள்ளையாக இல்லை என்று மட்டும்தான் சொன்னார். அப்போது முத்திரை கண்ணில் படவில்லையா?

எனக்குப் பின்னால் நின்ற உபாவுக்கும் அதே குறைதான். ஆனால் அவளை உட்காரவைத்து, எத்தனை நகல் வேண்டும், எந்த நாளில் கூட்டம் குறைவு என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். எனக்கு "நாளைக்கு வா." அவளுக்குக் கடிதம்! ஜிபூத்தியிலிருந்து ஒரே விமானத்தில் ரபாத் நகருக்குப் படிக்க வந்தோம். ஒரே வகுப்பு, ஒரே அறை. அவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது? பல்வரிசை கூட என்னுடையதுதான் நேர்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டுக்காரி லல்லா ரக்கியா ஒருவழியாக இறங்கி வந்தாள்.

"ஒரே ஒரு தடவைதான் முத்திரை போட வருவேன். ஒப்பந்தத்துல ஒரே பேருதான். ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுதினா, இந்தக் கெழவி ஹோட்டல் நடத்தறான்னு வரிக்காரன் வந்து நிப்பான்."

யார் பெயர் என்று நான் கேட்பதற்குள், "உபா பேரு" என்றாள்.

"அதுக்கென்னடி கல்தூன், நீ என் வீட்ல விருந்தாளியா இருக்கன்னு நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் உபா. நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிகிறது.

விருந்தாளி! காஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வருவது யார்? குளியலறை அடைத்துக்கொண்டால் கையை விடுவது யார்?

பிப்ரவரி 12, புதன்

கிடைத்துவிட்டது! கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மூன்று மாதப் பயிற்சி, அகாதிரில். உபா பக்கத்திலிருக்க, ஸ்பீக்கரில் அப்பாவுக்குப் போன் செய்தேன். இருபது வருடமாகத் தண்ணி லாரி ஓட்டுகிற மனுஷன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் மார்ச் 14க்குள் அட்டைக்கு மனுப்போட்ட ரசீதைக் காட்ட வேண்டும். உபாவுக்கு அட்டை வந்து, அதை வைத்து அவள் எனக்கு எழுதித் தந்து, அதன்பிறகு நான் மனுப்போட்டால் ஏப்ரல் ஆகிவிடும்.

உபா என்னைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினாள். அவள் இதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பித்திருந்தால் அவளுக்குத்தான் கிடைத்திருக்கும். அந்த நினைப்பில் பாதி சந்தோஷம் போயிற்று.

பிப்ரவரி 19, புதன்

படிக்கட்டில் லல்லா ரக்கியா. "நாளைக்குப் பத்து மணிக்கு வட்டார ஆபீசுக்கு வரேன். உபாகிட்ட சொல்லு, பாஸ்போர்ட்டோட வரச் சொல்லு."

"சொல்றேன் லல்லா."

உபா உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணியையும் சேர்த்து. சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

செய்துவிட்டேன்.

வட்டார அலுவலகக் கதவு திறக்குமுன் முதலில் வருகிறவர் ஒரு தாளில் பெயர் எழுத ஆரம்பிப்பார், அந்தத் தாள்தான் இங்கே வரிசை. ஆறு மணிக்கே போய் நாலாவதாக எழுதினேன். பத்து மணிக்கு லல்லா ரக்கியா நொண்டிக்கொண்டே வந்தாள்.

"உபா எங்க?"

"காய்ச்சல், லல்லா. எழுந்திருக்கவே முடியல."

"அடப் பாவமே. அப்ப இன்னொரு நாள் வருவோம்."

"உங்க முட்டிவலியோட இன்னொரு நாளா?"

முட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள். என் பெயரில் அடித்த புது ஒப்பந்தம் பையில் தயாராக இருந்தது. நேற்றே அடித்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன், பொய் சொல்ல இது ஒன்றும் அலுவலகம் இல்லையே. மனுவையும் இன்றே கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

செத்தேன்.

மதியம் லல்லா ரக்கியா தட்டு நிறைய கூஸ்கூஸ், ஒரு குவளை ஓமக் கஷாயம், தோளில் கம்பளி — மூன்று மாடி ஏறி வந்துவிட்டாள்! "எங்க என் காய்ச்சல்காரி?"

உபா அப்போதுதான் தலைசீவிக்கொண்டிருந்தாள். லல்லாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு தடவை இருமினாள்.

"பாவம், ஒப்பந்தம் இவ பேருக்குப் போயிடுச்சேன்னு வருத்தப்படாத பொண்ணே. ஒடம்புதான் முக்கியம்."

"ஆமா லல்லா" என்று அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். லல்லா போனதும் குவளையை என் முன்னால் வைத்தாள்.

"எனக்கு எப்ப காய்ச்சல் விடும்னு சொல்லிடு கல்தூன். தெரிஞ்சா வசதியா இருக்கும்."

கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

பிப்ரவரி 26, புதன்

தினமும் காலையில் கேட்கிறாள்: "இன்னிக்கு எனக்கு எவ்ளோ காய்ச்சல்?" வேறு பேச்சு இல்லை. என் துணியை மடிப்பதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு மூன்றாம் நாள். வட்டாரத்தில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற ஆள் முகத்தம். அவர் எழுதினால்தான் ரசீது. இன்று அவர் வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில். வீட்டில் உபா மட்டும்.

பேரீச்சம்பழக் கடை வாசலில் அவரே என்னைப் பிடித்தார். பாதி உயிர் போய்விட்டது. "கல்தூன்னு யாருமே இங்க இல்லை" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"நீதான் கல்தூனா? உன் வீட்ல தங்கியிருக்கற பொண்ணு எல்லாம் காட்டிச்சு. உன் கட்டில், உன் புஸ்தகம், ஒண்ணு விடல. 'இது அவ வீடுதான், நான் விருந்தாளி'ன்னு சொல்லிச்சு. நல்ல பொண்ணு. நீ குடுத்துவச்சவ."

அந்த வார்த்தையை அவளே சொல்லியிருக்கிறாள். நான் எந்த வார்த்தைக்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ, அதை. அவளுக்கு அது அவ்வளவு லேசாக வருகிறது. இந்த நல்ல குணத்திலும் அவளே முதல்! நோன்பு திறக்கும்போது ஹரீரா சூப்பை முதலில் அவளுக்கு ஊற்றினேன். ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்கப்பா போன்ல அழுதது எனக்கும் கேட்டுச்சு" என்றாள். அழுதாரா? பேசாமல் இருந்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

ரசீது கையில். யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

மார்ச் 10, திங்கள்

இன்று ஐந்தரைக்கே வட்டார அலுவலகம் போய்த் தாளில் முதல் பெயராக உபாவின் பெயரை எழுதினேன். இரண்டாவதாக என்னுடையது. இவள் என் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று எழுதி முத்திரை வாங்க.

வரச் சொல்லியிருந்தேன், கதவு திறக்கும் நேரத்துக்கு உபாவும் வந்துவிட்டாள். கவுண்டரில் என்னை மூன்று தடவை அலையவிட்டவருக்கு அண்ணன் மாதிரி இன்னொருவர். நோன்பு முகம். "விருந்தாளி எவ்ளோ நாள் தங்குவாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"காய்ச்சல் விடற வரைக்கும்" என்றாள் உபா.

அந்த ஆள் சிரித்துவிட்டார். நோன்பில், காலை ஒன்பது மணிக்கு! நகல் கேட்கவில்லை, போட்டோவைப் பார்க்கவில்லை, டக்கென்று முத்திரை. மொத்தம் ஆறு நிமிடம்.

ட்ராமில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நோன்புல என்னை ரொம்ப பேச வைக்காதடி" என்று தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ரெண்டு வாரத்துக்கு அப்புறம் இன்றுதான் 'டி' போட்டாள்.

ஜன்னலோர இடமும் அவளுக்குத்தான் கிடைத்தது.